பாடகருக்கு ஒரு முகம்: இசைக்காணொளியையும் ஆல்பம் உறையையும் ஊடக மாணவர் ஏன் சேர்த்துப் படிக்கிறார்?

ஊடகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் நான்கு நிமிட இசைக்காணொளி ஒன்றையும், அதே பாடகருக்கான குறுந்தகட்டு உறையையும், முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரம் ஒன்றையும் பாடத்திட்டப் பணியாகத் தயாரித்துக் கொடுக்கும்போது, அருகிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. குறுந்தகடு வாங்குவோரே அருகிவிட்ட காலத்தில் உறை எதற்கு? பாட்டுக்குப் படம் எடுப்பது படிப்பில் சேருமா?

இங்கிலாந்தில் பள்ளி இறுதி நிலையான ஏ-லெவல் படிப்பின் ஊடகவியலில் இந்தப் பணி பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்தது. ஓசிஆர் தேர்வு வாரியம் ஒரு விளம்பரக் காணொளியோடு டிஜிபேக் உறை, பத்திரிகை விளம்பரம், இணையதள முகப்புப் பக்கம் ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்துத் தரச் சொன்னது. காணொளியும் மற்ற இரண்டுமாக மூன்றையும் ஒரே கட்டாகக் கேட்டதில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவை மூன்று கைவேலைகள். சேர்த்துப் பார்த்தால், ஒரு பாடகரை மக்கள் அடையாளம் காணும் முகம் எப்படித் திட்டமிட்டு அமைக்கப்படுகிறது என்பதை அவை காட்டுகின்றன. இக்கட்டுரை அந்த அமைப்பை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

முதலில் சில சொற்கள்

ஆல்பம் என்ற சொல் இன்று பாடல் தொகுப்பைக் குறிக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிட இசையே அடங்கும் என்பதால், நீண்ட இசைக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைப் புகைப்பட ஆல்பம் போலப் பைகள் வைத்துத் தைத்த கட்டில் விற்றார்கள். அந்தக் கட்டின் பெயரே உள்ளிருந்த இசைக்கும் ஒட்டிக்கொண்டது.

டிஜிபேக் என்பது மடிக்கக்கூடிய கெட்டி அட்டையும், தட்டைப் பிடித்துக்கொள்ள அதன் உட்புறம் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் தட்டமும் சேர்ந்த உறை. வணிகப் பெயராகத் தொடங்கிய இச்சொல் பிறகு பொதுப்பெயரானது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியோடு ஒப்பிட்டால் அச்சிடுவதற்கு இதில் இடம் அதிகம். மாணவர் பணிக்கு இதைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே காரணம்.

இசைக்காணொளி என்பது ஏற்கெனவே பதிவாகி முடிந்த ஒரு பாடலுக்காகப் பிறகு எடுக்கப்படும் படம். ‘பிறகு’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கதைத் திரைப்படத்தில் பெரும்பாலும் படம் முதலில் உருவாகிறது, பின்னணி இசை பின்னால் வருகிறது. இங்கே வரிசை தலைகீழ். ஒலியில் ஒரு நொடியைக்கூட இயக்குநரால் நீட்டவோ குறைக்கவோ பொதுவாக முடியாது என்பதால், அவர் எடுக்கும் முடிவுகள் அனைத்தும் அந்த மாறாத ஒலிக்குக் கட்டுப்பட்டவை.

உறையும் காணொளியும் விளம்பரமாகப் பிறந்தவை

1930களின் இறுதிவரை பெரும்பாலான இசைத்தட்டு ஆல்பங்கள் பழுப்பு அல்லது சாம்பல் நிற அட்டையில், பெயர் மட்டும் அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், அட்டையின்மேல் சுவரொட்டி போல ஓவியம் வரையலாம் என்று நிறுவனத்தை இணங்கவைத்தார். 1948இல் அதே நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் 12 அங்குல எல்பி தட்டை வெளியிட்டபோது, வடிவமைப்பாளர்களுக்கு ஏறக்குறைய 31.5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று கிடைத்தது. கடை அடுக்கில் வாடிக்கையாளரின் கையை நிறுத்துவதே அந்தச் சதுரத்தின் முதல் வேலை.

காணொளியின் பின்னணியும் இதுவே. 1940களில் பனோரம் என்ற இயந்திரத்தில் காசு போட்டால் ஓடிய குறும்படங்களும், 1960களில் பிரான்சில் பரவிய ஸ்கோபிடோன் இயந்திரங்களும் இதற்கு முன்னோடிகள். ஆனால் காணொளியைத் தொழிலாக மாற்றியது 1981 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய எம்டிவி. தன் நேரத்தை நிரப்ப அந்த அலைவரிசை இசை நிறுவனங்கள் தந்த காணொளிகளை நம்பியிருந்தது. நிறுவனங்களுக்கு அது நாள் முழுவதும் ஓடும் விளம்பரமாகப் பயன்பட்டது. காணொளிக்கு நிறுவனம் முன்பணம் போட்டாலும், அச்செலவின் ஒரு பகுதியைப் பாடகரின் உரிமத்தொகையில் கழித்துக்கொள்வது ஒப்பந்தங்களில் வழக்கமானது. பாடகரின் முகம் ஏன் இத்தனை முறை க்ளோஸ்-அப்பில் வருகிறது என்று கேட்கும் மாணவர் இந்தக் கணக்கை முதலில் அறிய வேண்டும். பணம் போடுபவருக்கு, பாட்டு முடிந்த பிறகும் அந்த முகம் மனத்தில் நிற்க வேண்டும்.

ஒரே படம் இரண்டு இடங்களில்: குயின் குழுவின் எடுத்துக்காட்டு

உறையும் காணொளியும் ஒன்றோடொன்று பேசும் விதத்தைக் காட்ட, பிரிட்டிஷ் ராக் குழுவான குயினைவிடத் தெளிவான சான்று அதிகம் இல்லை. 1974இல் வெளியான குயின் குழுவின் இரண்டாவது ஆல்பத்தின் உறைக்குப் புகைப்படம் எடுத்தவர் மிக் ராக். கருமையான பின்புலத்தில் உடல்கள் மறைந்துபோக, நான்கு முகங்கள் மட்டும் வைர வடிவில் மேலிருந்து விழும் ஒளியில் மிதக்கின்றன. குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரி மார்பின் குறுக்கே கைகளை மடித்திருக்கிறார். அந்த நிலையும் அந்த ஒளியும் நடிகை மார்லின் டீட்ரிக்கின் 1930களின் புகைப்படம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

1975இல் ‘போஹீமியன் ராப்சொடி’ பாடலுக்கு ப்ரூஸ் கவர்ஸ் விளம்பரப் படம் எடுத்தபோது, தொடக்கத்தில் அதே நான்கு முகங்கள் அதே அமைப்பில் வந்தன. முந்தைய ஆண்டின் உறை, அசைந்து பாடத் தொடங்கியது. இந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பமோ வேறு. அதன் உறையில் முகங்களே இல்லை, வெள்ளைப் பின்னணியில் குழுவின் சின்னமும் பெயர்களுமே இருந்தன. அப்படியானால் காணொளி விற்றது எதை? அந்த ஆல்பத்தைவிடப் பெரிதான ஒன்றை, அதாவது குழுவின் தோற்றத்தை.

திரைப்பட ஆய்வாளர் ரிச்சர்ட் டையர் 1979இல் வெளியிட்ட நூலில் திரை நட்சத்திரங்களைப் பற்றி வைத்த வாதம் இங்கே பொருந்துகிறது. நட்சத்திரம் என்பவர் நேரில் வாழும் மனிதரிலிருந்து வேறுபட்ட ஒரு கட்டமைப்பு; படங்கள், சுவரொட்டிகள், பேட்டிகள், செய்திகள் என்று பல பரப்புகளில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ரசிகர் தம் மனத்தில் கோத்து அந்த உருவத்தை முழுமையாக்குகிறார். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கோக்க முடியும். மாணவரிடம் மூன்று பொருள்களைக் கேட்பது இதைச் சோதிக்கத்தான்.

காதில் தொடங்கும் ஆய்வு

1980களில் இசைக்காணொளியை எழுத்தில் எடுத்துக்கொண்ட பல விமர்சகர்கள், அதைத் துண்டு துண்டான, பொருள் நிலைக்காத பின்நவீனப் படைப்பாகப் பார்த்தார்கள். திரைப்படக் கண்ணோடு பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கதை அறுந்து அறுந்து ஓடும். 1992இல் வெளியான நூலில் ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் இதை மறுத்தார். காணொளிக்கு ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கு பாடலில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். படம் துண்டாகத் தெரியும் இடத்தில் தாளமும், திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன.

பாடல் வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பிரித்தார். ‘மழையில் நனைகிறேன்’ என்ற வரியை வைத்து அவற்றைப் பார்க்கலாம்.

1. விளக்குதல்: திரையில் மழை பெய்கிறது, பாடகர் நனைகிறார். வரி சொன்னதைப் படம் அப்படியே காட்டுகிறது.
2. விரித்தல்: காலிப் பேருந்தின் இருக்கையில் யாரோ மறந்துவிட்டுப்போன குடை கிடக்கிறது. வரியில் இல்லாத ஓர் ஆளும் ஒரு பிரிவும் உள்ளே வந்துவிடுகின்றன.
3. விலகுதல்: பாடகர் துணி ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறார், மழை எங்கும் இல்லை. வரிக்கும் படத்துக்கும் இடையிலான தொடர்பைப் பார்ப்பவரே தேட வேண்டும்.

மாணவர் பணிகளில் முதலாம் வகைதான் மிகுதி. அது பிழையாகாது, ஆனால் நான்கு நிமிடமும் அப்படியே போனால் காது முன்பே அறிந்ததைக் கண் மறுபடி படிக்கிறது. நல்ல காணொளி பல்லவியில் விளக்கிவிட்டுச் சரணத்தில் விரிக்கும்; இடையிசையில் முற்றிலும் விலகிப்போய், பல்லவி மீளும்போது தானும் மீளும்.

இதை உணர்வால் ஊகிப்பதைவிட எண்ணிப் பார்ப்பது மேல். நிமிடத்துக்கு 120 தாளத்தட்டு வேகமுள்ள, நான்கு தட்டுச் சுற்று கொண்ட பாடலில் ஒரு சுற்றுக்கு 2 நொடி. எட்டுச் சுற்றுப் பல்லவிக்கு 16 நொடி. அந்த 16 நொடியில் 8 ஷாட் இருந்தால் ஒவ்வொரு ஷாட்டும் சராசரியாக ஒரு முழுச் சுற்று நிற்கிறது. 32 ஷாட் இருந்தால் தட்டுக்கு ஒரு வெட்டு. சரணத்தில் 4 ஷாட்டும் பல்லவியில் 16 ஷாட்டும் இருப்பதாகக் கணக்கு வந்தால், பல்லவி ஏன் நெஞ்சை முட்டுகிறது என்பதற்கான விடையில் பாதி கையில் வந்துவிட்டது. மீதிப் பாதி, வெட்டு தட்டின் மேலேயே விழுகிறதா, சற்று முன்னே விழுகிறதா என்பதில் இருக்கிறது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் இந்தப் பாடலின் ஒரு தட்டுக்குச் சரியாக 12 பிரேம். 25 பிரேம் ஓடும் படத்தில் 12.5 என்று வருவதால், படத்தொகுப்பாளர் ஒரு ஷாட்டை 12 பிரேமிலும் அடுத்ததை 13 பிரேமிலும் வெட்டிச் சமன்செய்ய நேரும். ஷாட் எண், தொடக்க நொடி, நீளம், சட்டக அளவு, அப்போது ஒலிக்கும் வரி அல்லது வாத்தியம் என ஐந்து நிரல் கொண்ட அட்டவணையை ஒரே ஒரு காணொளிக்கு முழுதாக நிரப்பிய மாணவர், பத்துக் கோட்பாட்டு நூல்களின் சுருக்கம் படித்தவரைவிட நன்றாக எழுதுவார்.

பார்வை பற்றிய கேள்வியும் இந்த அட்டவணையிலிருந்தே எழ வேண்டும். காமிரா பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக நிறுத்துகிறது என்று திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் திரைப்படத்தை முன்வைத்து எழுதிய கட்டுரை காணொளி ஆய்வில் மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. அந்தப் பெயரை மேற்கோளிட்டு நிறுத்துவதில் பயனில்லை. பெண் கலைஞரின் முகமில்லாத உடற்பகுதி ஷாட்டுகள் எத்தனை, அவர் நேராகக் காமிராவைப் பார்த்துப் பாடும் ஷாட்டுகள் எத்தனை என்று எண்ணியபின், அவருடைய கட்டுப்பாட்டில் இருப்பது எது என்று கேட்கலாம்.

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு கணக்கு

உதடு பாட்டோடு பிசகாமல் அசைய, பாடகரைச் சுற்றியுள்ள உலகம் மட்டும் மெதுவாக நகரும் காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். கணினித் தந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. படம் 24 பிரேமில் ஓடப்போகிறது என்றால், காமிராவை 48 பிரேமில் ஓடவிட்டு, தளத்தில் பாடலை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுகிறார்கள். பாடகர் அந்த விரைந்த பாட்டுக்கு வாயசைக்கிறார். நான்கு நிமிடப் பாடல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பதிவானதை 24 பிரேமில் ஓடவிட்டால் அது மீண்டும் நான்கு நிமிடமாக நீள்கிறது. உதடு அசல் பாட்டோடு பொருந்தும். தலைமுடியும் துணியும் தெறிக்கும் நீரும் பாதி வேகத்தில் நகரும்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு விமர்சனப் பயனும் உண்டு. பாடகர் இயல்பாக உணர்ச்சிவசப்பட்டுப் பாடுகிறார் என்று நாம் நம்பும் அந்தக் கணம், மிக வேகமாக வாயசைத்த ஓர் உழைப்பின் விளைவு. கலைஞரின் உண்மைத்தன்மை என்று எழுதும் முன் மாணவர் ஒருமுறை தயங்க வேண்டிய இடம் இது.

சதுரம் சுருங்கியபோது

உறை இன்னும் ஏன் பாடமாக இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். எல்பி உறையின் பரப்பு ஏறக்குறைய 990 சதுர சென்டிமீட்டர். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் முகப்பு 12 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 144. ஏழில் ஒரு பங்கு. கைப்பேசிப் பட்டியலில் அதே படம் ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடுவதுண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு. உறை மறைந்துவிடவில்லை. பாடலை ஓடவிடும் ஒவ்வொரு முறையும் அதே சதுரம் திரையில் வருவதால், முன்னைவிட அதிக முறை பார்க்கப்படுகிறது, முன்னைவிடச் சிறிதாக.

இதன் விளைவு வடிவமைப்பில் நேரடியாகத் தெரிகிறது. 1967இல் பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவர்த்தும் பீட்டில்ஸ் குழுவுக்குச் செய்த உறையில் பல பத்து முகங்கள் நெருக்கி நிற்கின்றன. தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய படம் அது. விரல்நுனி அளவில் அது வண்ணப் புள்ளிகளாகிவிடும். மாறாக, 1973இல் ஹிப்னாசிஸ் வடிவமைப்பகம் பிங்க் ஃபிலாய்டு குழுவுக்குச் செய்த முப்பட்டகமும், 1979இல் பீட்டர் சாவில் ஜாய் டிவிஷன் குழுவுக்குச் செய்த உறையும் எவ்வளவு சுருக்கினாலும் அடையாளம் இழக்காதவை. பின்னதில் இருப்பது, 1967இல் கண்டறியப்பட்ட முதல் பல்சார் விண்மீனின் துடிப்புகளைக் காட்டும் அலைக்கோடுகள், கருப்பில் வெள்ளையாக. இந்த இரண்டு உறைகளின் முகப்பிலும் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை.

பெயரில்லா முகப்பைப் பின்பற்ற விரும்பும் மாணவர் கவனமாக இருக்க வேண்டும். பிங்க் ஃபிலாய்டை அறிந்த ரசிகர் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. யாரும் அறியாத புதுப்பாடகருக்குப் பெயரை மறைப்பது, படம் தனித்து நிற்கும் அளவுக்கு வலுவாக இருந்தால் மட்டுமே பலிக்கும். அந்த முடிவுக்கான காரணத்தை எழுதிவைக்கவும் வேண்டும்.

பெரிய சதுரமும் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022இல் விற்ற எல்பி தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தகடுகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. கேட்பதற்கு இணையமும் கையில் வைத்திருப்பதற்கு உறையும் என்று ரசிகர் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே ஒரே படம் இரு எல்லைகளிலும் உயிர்வாழ வேண்டும்.

டிஜிபேக்கில் என்னென்ன இருக்க வேண்டும்

1. முகப்பு: படம், பெயர், தலைப்பு. மூன்றில் எது முதலில் கண்ணில் படுகிறது என்பதே வடிவமைப்பாளரின் முதல் முடிவு.
2. முதுகு: அலமாரியில் நிற்கும்போது இது ஒன்றுதான் தெரியும். மாணவர்கள் அடிக்கடி மறப்பதும் இதைத்தான்.
3. பின்புறம்: பாடல் பட்டியல், பட்டைக்குறி, நிறுவனச் சின்னம், உரிமை வரிகள். வட்டத்துக்குள் ‘சி’ என்ற எழுத்து உறையின் படத்துக்கும் எழுத்துக்கும் உரிமை கோருகிறது; வட்டத்துக்குள் ‘பி’ ஒலிப்பதிவுக்கு.
4. உட்புறமும் தட்டும்: முகப்பின் உலகம் இங்கே தொடர வேண்டும். தட்டை எடுத்தால் அடியில் தெரியும் படம் ஒரு சிறு பரிசு. அதை வீணாக்கக் கூடாது.

அச்சின் தேவைகள் தனி. வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாமலிருக்க ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் விடுவது வழக்கம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் 12 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1417 பிக்சல் தேவை. இணையத்திலிருந்து எடுத்த 600 பிக்சல் படம் அச்சில் 127 புள்ளியாகச் சரிந்து மங்கும். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண மையில் அதே பொலிவோடு வருவதில்லை. வெள்ளைத் தாளை வெட்டி மடித்து, எந்தப் பக்கம் எந்தத் திசையில் திறக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு தொடங்கினால், பின்னட்டை தலைகீழாக அச்சாகும் பிழையைத் தவிர்க்கலாம்.

பத்திரிகை விளம்பரத்தின் இன்றைய இடம்

இப்பகுதி சுருக்கமானது, ஏனென்றால் களமே சுருங்கிவிட்டது. பிரிட்டனின் இசை இதழான என்எம்இ 2018இல் வார அச்சை நிறுத்தியது. க்யூ மாத இதழ் 2020இல் மூடப்பட்டது. எனினும் பாடகர் பெயர், ஆல்பம் தலைப்பு, வெளியீட்டு நாள், உறைப்படம், விமர்சன வரி என்ற அதே ஐந்து பொருள்கள் சமூக ஊடகப் பதிவுக்கு இடம் மாறியுள்ளன. மாறியிருப்பது சட்டகம். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட கிடைப்படத்தின் நடுவிலிருந்து 9க்கு 16 என்ற செங்குத்துச் சட்டகத்தை வெட்டினால் 607 பிக்சல் அகலமே மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. முகத்தை ஓரத்தில் வைத்து எடுத்த ஷாட் கைப்பேசி விளம்பரத்தில் சுவரை மட்டும் காட்டும். இதைப் படப்பிடிப்புக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

பாட்டு யாருடையது?

மாணவர் பிறருடைய பாட்டைப் பயன்படுத்தும்போது இரண்டு உரிமைகள் குறுக்கே வருகின்றன: வரியும் மெட்டும் சேர்ந்த இயற்றல் உரிமை ஒன்று, குறிப்பிட்ட அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம். வகுப்பறைக்குள் காட்டுவதும் யூடியூபில் ஏற்றுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகாது. அத்தளத்தில் 2007 முதல் இயங்கும் கன்டென்ட் ஐடி முறை ஒலியை அடையாளம் கண்டு, காணொளியைத் தடுக்கவோ வருவாயை உரிமையாளருக்குத் திருப்பவோ வழி செய்கிறது. நிறுவனத்தில் ஒப்பந்தமாகாத பாடகரிடம் எழுத்தில் அனுமதி பெறுவது எளிது. அவருக்கென்று பழகிப்போன முகம் எதுவும் இல்லாததால் பாடத்துக்கும் அதுவே நல்லது.

ஆய்வுரையை எழுதும்போது

படைப்போடு சேர்த்துத் தரும் ஆய்வுரையில் பலர் தடுமாறுவது, கோட்பாட்டின் பெயரை ஒட்டுச்சீட்டு போல ஒட்டிவிட்டு நகர்வதால். ‘என் காணொளியில் குட்வின் கூறிய விளக்குதல் உள்ளது, டையர் கூறிய நட்சத்திர உருவமும் உள்ளது’ என்ற வாக்கியம் எந்தக் காணொளிக்கும் பொருந்தும் என்பதால் எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அதே மாணவர் இப்படி எழுதலாம்: ‘முதல் சரணத்தின் 16 நொடியில் 4 ஷாட் மட்டும் வைத்தேன், நான்கிலும் பாடகரின் முதுகே தெரிகிறது. பல்லவியின் முதல் தட்டில் அவர் திரும்பும் அந்த ஒரு பிரேமே டிஜிபேக்கின் முகப்பு. விளம்பரத்தில் மீண்டும் முதுகைக் காட்டினேன். காட்டியபோது, விளம்பரத்தை முதலில் பார்த்தவர்கள் காணொளியில் அவர் திரும்பும் கணத்துக்காகக் காத்திருந்தார்கள். காணொளியை முதலில் பார்த்தவர்கள் அந்த முதுகைப் பார்த்தே அவர் பெயரைச் சொன்னார்கள்.’